நீரில் உறையும் நோய்: காலராக் கிருமியின் வீட்டைத் தேடிய வரலாறு

திருநெல்வேலிப் பக்கத்து வசவுகளில் 'கழிச்சலில் போவான்' என்பது ஒன்று. சினம் மிகுந்தால் பாட்டிமார் பேரப்பிள்ளைகளைப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவர். சொல்லுக்குப் பின்னால் நிற்கும் சாவை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. காலையில் வாந்தியும் பேதியுமாகத் தொடங்கி, உடலின் நீரெல்லாம் வற்றி, கண்கள் குழிந்து, விரல்நுனிகள் சுருங்கி, பொழுது சாய்வதற்குள் ஆளைக் கொண்டுபோய்விடும் நோயொன்று ஊர் ஊராக வந்துபோன காலத்தின் எச்சம் அது. நோயை நாம் மறந்துவிட்டோம், மொழி மறக்கவில்லை.

இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்கு நுண்ணுயிரியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் காலராவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அது மருத்துவத்தின் வரலாறாக மட்டும் நமக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு கேள்வியை மனிதர்கள் சரியாகக் கேட்பதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதன் வரலாறாகவும் அது இருக்கிறது. கேள்வி மிக எளியது: ஊரில் நோய் இல்லாத நாட்களில் அந்த நோய்க்கிருமி எங்கே இருக்கிறது?

கைப்பிடியும் காற்புள்ளியும்

1817ல் வங்காளத்தின் ஜெசோர் பகுதியில் கிளம்பிய காலரா, படைகளோடும் வணிகக் கப்பல்களோடும் ஆசியா முழுவதும் பரவியது. அடுத்தடுத்த அலைகளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் எட்டியது. கெட்ட காற்றினால்தான் நோய் வருகிறது என்று அக்கால மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினர்.

1854ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை குறித்துவைக்கத் தக்கது. அவ்வாண்டு லண்டனின் சோஹோ பகுதியில் பத்து நாட்களில் ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து, இறந்தவர்களில் மிகப் பலர் பிராடு தெருவின் அடிபம்பிலிருந்து தண்ணீர் குடித்தவர்கள் என்று காட்டினார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதே ஆண்டில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஃபிலிப்போ பாச்சினி, காலராவால் இறந்தோரின் குடலை நுண்ணோக்கியில் பார்த்து, வளைந்து நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டார். 'விப்ரியோ' என்று பெயரிட்டார். ஸ்நோ பாச்சினியை அறியவில்லை. பாச்சினியின் கண்டுபிடிப்பை உலகமும் பொருட்படுத்தவில்லை. 1965ல்தான் அக்கிருமியின் அதிகாரபூர்வப் பெயரோடு அவர் பெயரும் 1854 என்ற ஆண்டும் சேர்க்கப்பட்டன.

1883ல் எகிப்தில் நோய் பரவியபோது ஜெர்மனியும் பிரான்சும் தனித்தனி ஆய்வுக்குழுக்களை அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்பின. பிரெஞ்சுக் குழுவின் இளம் ஆய்வாளர் லூயி துய்லியே அங்கேயே காலராவுக்குப் பலியானார். அங்கே நோய் தணியவும், ஜெர்மன் குழுவின் தலைவர் ராபர்ட் கோக், நோய் ஓயாத கல்கத்தாவுக்கு 1883 டிசம்பரில் வந்து சேர்ந்தார். சில வாரங்களில், 1884ன் தொடக்கத்தில், காற்புள்ளி வடிவமுள்ள அக்கிருமியைத் தனித்து வளர்த்து உலகுக்கு அறிவித்தார்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நோயாளிகளின் குடலில் மட்டுமல்லாமல், காலரா கண்ட மக்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய கல்கத்தாக் குளமொன்றின் நீரிலும் கோக் அதே கிருமியைக் கண்டார். குளத்திலிருந்த கிருமி மனிதரிடமிருந்து வந்து விழுந்ததாகவே கருதப்பட்டது. அதன் பிறகு ஏறத்தாழ எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் மருத்துவ உலகம் இக்கிருமியை மனிதக் குடலின் வாசியாகவே நோக்கியது. நீர் அதற்கு வழி, வீடு அன்று. கோக்கின் வெற்றி அவ்வளவு பெரிது. பெரிய வெற்றிகள் சில வேளை அடுத்த கேள்வியை மறைத்துவிடுகின்றன.

ஹாம்பர்க்கும் ஆல்டோனாவும்

கோக்கை ஏற்காதவர்களும் இருந்தனர். மியூனிக் நகரத்து மாக்ஸ் ஃபான் பெட்டென்கோஃபர், கிருமி மட்டும் போதாது, இடமும் பருவமும் மண்ணும் கூடினால்தான் கொள்ளைநோய் உண்டாகும் என்று வாதிட்டவர். 1892 அக்டோபரில், எழுபத்து மூன்று வயதில், காலராக் கிருமி வளர்த்த திரவத்தை அனைவர் முன்னிலையிலும் குடித்தார். இலேசான பேதியோடு தப்பினார். அவர் பிழைத்தார், அவருடைய கொள்கை பிழைக்கவில்லை. காரணம், அதே ஆண்டில் ஹாம்பர்க் நகரத்தில் நடந்தது.

எல்பா நதியின் நீரை வடிகட்டாமல் குழாய்களில் விட்ட ஹாம்பர்க்கில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை ஒட்டியே அமைந்த ஆல்டோனா, ஹாம்பர்க்கின் கழிவெல்லாம் கலந்த பின் வரும் நீரைத்தான் எடுத்தது. ஆயினும் மணற்படுகையில் வடிகட்டி எடுத்தது, பெருமளவு தப்பித்தது. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருவில் ஒரு பக்கம் சாவும் மறுபக்கம் அமைதியுமாக இருந்ததைப் பார்த்த பிறகு வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

அந்த மணற்படுகையின் வேலை வியப்புக்குரியது. கிருமியைத் தடுத்ததில் மணலுக்குப் பங்கு குறைவு. சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் வழவழப்பான மென்படலம் ஒன்று படிகிறது. பாக்டீரியாக்கள், பாசிகள், ஓரணு உயிர்கள் ஆகியவை சேர்ந்து வாழும் படலம் அது. நீரில் வரும் கிருமிகளைப் பிடிப்பதும் தின்பதும் பெரும்பாலும் அந்தப் படலமே. நீர்வாழ் நுண்ணுயிரிலிருந்து மனிதனைக் காத்தவை நீர்வாழ் நுண்ணுயிர்களே என்பது இதன் பொருள். மெதுவாக வடியும் மணல் வடிப்பான்கள் இன்றும் உலகின் பல ஊர்களில் இயங்கி வருகின்றன.

கங்கையும் கல்கத்தாவும்

இந்தியாவில் இருவர் இவ்வரலாற்றுக்குத் தந்தவை குறைவல்ல. ஆக்ராவில் பணியாற்றிய ஆங்கிலேயரான எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகளை விட்டால் சில மணி நேரத்தில் அவை மடிந்துவிடுகின்றன என்றும், நீரைக் கொதிக்கவைத்தால் அந்த ஆற்றல் போய்விடுகிறது என்றும் 1896ல் எழுதினார். காரணம் அவருக்கும் விளங்கவில்லை. 1917ல் பாரிசில் ஃபெலிக்ஸ் தெரெல், பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரசுகளுக்கு 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர் சூட்டிய பின்பு, ஹான்கின் கண்டதும் அவற்றின் வேலையாக இருக்கலாம் என்று பலர் கருதலாயினர். டாக்கா நகரின் நீர்நிலைகளில் இத்தகைய வைரசுகள் பெருகும்போது காலராக் கிருமி குறைவதையும், அவை அருகும்போது நோய் தலைதூக்குவதையும் 2005ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. காலராவின் கொடிய நச்சுக்கான மரபணுவைக் கிருமிக்குக் கொடுத்ததும் ஒரு வைரசே என்று 1996ல் நிறுவப்பட்டது. ஆக, ஒரு வைரஸ் அக்கிருமியைக் கொல்கிறது; இன்னொன்று அதைக் கொலைகாரனாக்குகிறது.

மற்றவர் சம்புநாத் தே. வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துச் சிற்றூரொன்றில் 1915ல் பிறந்தவர். காலராக் கிருமி குடலைத் துளைத்து இரத்தத்தில் கலப்பதில்லை. குடலில் இருந்தபடியே ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்நச்சே உடலின் நீரை வெளியேற்றுகிறது. இதை முயல்களின் குடலில் எளிய சோதனைகள் செய்து 1959ல் அவர் நிறுவினார். வசதி குறைந்த கல்கத்தா ஆய்வகத்தில் நடந்த வேலை அது. சாவுக்குக் காரணம் நீரிழப்பு என்பதால் நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற மருத்துவம், 1968ல் டாக்காவில் நடந்த ஆய்வுகளால் வாய்வழிக் கரைசலாக உருப்பெற்றது. 1971ல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் திலீப் மஹாலானபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கலன்களில் நிரப்பி உறவினர் கையாலேயே கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் விருது 2023ல், மறைவுக்குப் பின்னரே வந்தது. சம்புநாத் தேக்கு இந்திய நாடு அந்த அளவுக்குக்கூட எதையும் செய்யவில்லை. அவர் 1985ல் மறைந்தார்.

உறங்கும் கிருமி

இவ்வளவும் நடந்த பின்னும் முதற்கேள்வி அப்படியே இருந்தது. நோய் ஓய்ந்த மாதங்களில் குளத்து நீரை எடுத்துச் சோதித்தால் கிருமி வளர்வதில்லை. அப்படியானால் அடுத்த பருவத்தில் அது எங்கிருந்து வருகிறது?

விடை வந்த இடம் எதிர்பாராதது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் கடல்வாழ் பாக்டீரியாக்களை ஆராய்ந்துவந்த ரீட்டா கால்வெல்லும் அவர் குழுவினரும், காலரா நோயாளியே இல்லாத அந்த விரிகுடாவின் நீரில் விப்ரியோ காலரே இருப்பதை 1977ல் அறிவித்தனர். கழிவிலிருந்து வந்ததாக இருக்கும் என்றனர் மறுத்தவர்கள். கால்வெல் விடவில்லை. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகம் அக்கிருமியின் இயல்பான வீடு என்றார்.

1982ல் அடுத்த செய்தி. குளிரும் பட்டினியும் நேரும்போது இக்கிருமி சாவதில்லை. சுருங்கி உருண்டையாகி, உயிரோடும் ஆனால் ஆய்வகத் தட்டில் வளராமலும் இருந்துவிடுகிறது. தட்டில் வளராததெல்லாம் இறந்தது என்று கொண்டதே நூறாண்டுப் பிழை. ஒளிரும் சாயமேற்றிய எதிர்ப்பொருளைக் கொண்டு பார்த்தபோது, 'கிருமியில்லை' என்று முன்னர் எழுதப்பட்ட குளங்களிலும் அது தென்பட்டது.

1983ல், வங்கதேசத்தைச் சேர்ந்த அன்வர் ஹக் உள்ளிட்டோரின் ஆய்வு, கிருமி தங்குமிடத்தையே காட்டியது. கோப்பிபாட் என்பவை நீரில் மிதக்கும் மிகச் சிறிய ஓட்டுடலிகள். இறாலுக்குத் தூரத்து உறவு எனலாம். அவற்றின் ஓடு கைட்டினால் ஆனது. காலராக் கிருமி அவ்வோட்டில் ஒட்டிக்கொண்டு, கைட்டினைச் செரித்து உண்டு பெருகுகிறது. ஒரு கோப்பிபாடின் மேல் பத்தாயிரம் கிருமிகள்கூட இருக்கலாம். வெயில் ஏறி நீர் வெதுவெதுப்பானால் பாசி பெருகும். பாசியை உண்டு கோப்பிபாட் பெருகும். கோப்பிபாடோடு கிருமியும் பெருகும். வங்கதேசத்தில் வேனிலிலும் மழைக்குப் பின்னும் ஆண்டுக்கு இருமுறை நோய் எழுவதன் சூட்சுமம் இதில் அடங்கியிருக்கிறது. வங்காள விரிகுடாவின் வெப்பமும் நீர்மட்டமும் உயர்வதற்கும் காலரா பெருகுவதற்கும் உள்ள தொடர்பைச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு காட்டும் கட்டுரை 2000ல் வெளிவந்தது. இடமும் பருவமும் வேண்டும் என்ற பெட்டென்கோஃபரின் பிடிவாதத்தில் ஒரு துளி உண்மை இருந்திருக்கிறது.

இந்த வீட்டுக்கும் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. காலராக் கிருமியின் வகைகளில் 'ஓ1' மட்டுமே கொள்ளைநோயை உண்டாக்கும் என்பது பாடநூல் வாக்கியமாக இருந்தது. 1992ன் இறுதியில் சென்னையில், அதுவரை அறியப்படாத ஒரு வகை நோயைப் பரப்பியது. விரைவில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. 'ஓ139' என எண்ணிடப்பட்ட அதற்கு வங்காள விரிகுடாவின் நினைவாக 'பெங்கால்' என்ற பெயரும் சேர்ந்தது. கைட்டினில் ஒட்டி வாழும்போது இக்கிருமி பிற உயிர்களின் மரபணுத் துண்டுகளை உறிஞ்சித் தனதாக்கிக்கொள்ளும் என்று 2005ல் தெரியவந்தது. இவ்வழியே 'ஓ1' வகை 'ஓ139' ஆகக்கூடும் என்று 2007ல் ஆய்வகத்தில் காட்டவும் பட்டது. பாடநூலைத் திருத்திய அந்த மாற்றம் ஒரு கோப்பிபாடின் ஓட்டின் மேலேயே நடந்திருக்கலாம்.

பழைய சேலை

கிருமியின் வீடு தெரிந்துவிட்டது. தெரிந்ததால் யாருக்கு என்ன பயன்?

வங்கதேசக் கிராமங்களின் நிலையை இங்கே சொல்லியாக வேண்டும். குளத்து நீரால் நோய் வருகிறது என்பதால் 1970கள் முதல் ஆயிரமாயிரமாகக் குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. நல்ல நோக்கம்தான். ஆனால் நிலத்தடிநீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பது 1993ல் வெளிப்பட்டது. நஞ்சுள்ள அடிபம்புகளுக்குச் சிவப்புச் சாயம் பூசினர். ஒரு பக்கம் சிவப்புப் பூசிய பம்பு, மறுபக்கம் கிருமியுள்ள குளம். கொதிக்கவைத்துக் குடி என்று சொல்வது எளிது. விறகுக்கே வழியில்லாத வீட்டில் அது நடவாது.

கோப்பிபாட் ஆய்வு இங்கேதான் கைகொடுத்தது. தனிக் கிருமி ஓரிரு மைக்ரான் அளவே இருப்பதால் எந்தத் துணியிலும் புகுந்துவிடும். ஆனால் அது ஏறியிருக்கும் கோப்பிபாட் பன்மடங்கு பெரியது. வாகனத்தைத் தடுத்தால் அதில் ஏறிவருபவரையும் தடுத்ததாகும். வயிற்றின் அமிலம் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடுவதால், நோய் வர ஆயிரக்கணக்கில், பல வேளைகளில் இலட்சக்கணக்கில் அவை உட்செல்ல வேண்டும். ஆகவே முற்றும் தடுக்காவிட்டாலும் எண்ணிக்கையைக் குறைத்தாலே பயன் உண்டு.

எந்தத் துணி? பலவற்றையும் சோதித்தனர். வென்றது பழைய பருத்திச் சேலை. பலமுறை துவைத்ததால் நூல் பிரிந்து இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி, கண்கள் சிறுத்துவிடுகின்றன. அதனால் புதுச்சேலையைவிடக் கிழிசலே மேல். எட்டு அடுக்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினால் துளையின் அளவு இருபது மைக்ரானாகிறது. மிதவை உயிர்களில் ஒட்டிய கிருமிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நின்றுவிடுகின்றன. பயன்படுத்திய துணியை அலசி வெயிலில் காயப்போட வேண்டும், அவ்வளவே.

மத்லப் பகுதியில் 65 கிராமங்களில், ஏறத்தாழ 1,33,000 மக்களிடையே, 1999 முதல் 2002 வரை இதை நடத்திப் பார்த்தனர். 2003ல் முடிவு வெளிவந்தது: சேலையால் வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, எவரும் வற்புறுத்தாத நிலையில் மீண்டும் சென்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்தனர். 31 விழுக்காட்டினர் இன்னும் குடிநீரை வடிகட்டிக்கொண்டிருந்தனர். அவர்களில் 60 விழுக்காட்டினர் சேலையையே பயன்படுத்தினர். எஞ்சியோர் ஏன் விட்டனர் என்று வருந்தலாம். கட்டளையும் காசும் இன்றி இத்தனை பேர் தொடர்ந்தனரே என்றும் எண்ணலாம். நமக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

நீரின் மேல் பழி

கதை இங்கே முடிந்தால் இனிதாக இருக்கும். முடியவில்லை.

2010 அக்டோபரில் ஹைத்தியில் காலரா வெடித்தது. அந்நாடு அதற்குமுன் நூறாண்டுக் காலம் அதைக் கண்டதில்லை. பத்தாயிரம் பேர் வரை மாண்டனர். சுற்றுச்சூழலில் உறங்கிய கிருமி விழித்துக்கொண்டதோ என்ற பேச்சு எழுந்தது. ஆனால் தடயங்கள் வேறு பக்கம் காட்டின. நேபாளத்திலிருந்து வந்த ஐக்கிய நாடுகளின் அமைதிப்படை முகாமின் கழிவு ஆர்த்திபொனித் நதியின் கிளையாற்றில் கலந்திருந்தது. கிருமியின் மரபணுவும் நேபாளக் கிருமியோடு பொருந்தியது. கால்வெல் சார்ந்த குழு 2012ல், நோயாளிகளிடம் உள்ளூர் வகைகளும் காணப்பட்டன என்று வாதிட்டது. எனினும் 2011லும் 2017லும் வெளியான மரபணு ஆய்வுகள், கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் கொள்ளைநோய் வகைகளைத் தெற்காசியாவிலிருந்து சுமந்து செல்பவர்கள் மனிதர்களே என்று காட்டின. ஐக்கிய நாடுகள் சபை 2016ல்தான் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது.

இரண்டும் உண்மை என்றே நாம் கொள்கிறோம். கழிமுகம் அக்கிருமியின் வீடு. ஆனால் அங்கிருந்து அதை ஊருக்குள் அழைத்து வருவதும், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவதும் நம் கழிவும் நம் அலட்சியமும். கிருமியின் வீட்டை அறியாதபோது நோயாளியைப் பழித்தோம். வீட்டை அறிந்தபின் நீரைப் பழித்துவிட்டுக் கை கழுவிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் ஒன்றையொன்று தொடாத ஊரில் கோப்பிபாட் எத்தனை கோடி இருந்தாலும் காலரா பரவுவதில்லை. பழைய சேலை அத்தகைய ஊருக்கு மாற்றன்று; அத்தகைய ஊர் அமையும்வரை உயிரைப் பிடித்துவைக்கும் கைமருந்து.

சமணர் நீரைத் துணியால் வடித்துக் குடிப்பர் என்பதும், பௌத்தத் துறவியின் எட்டு உடைமைகளில் நீர் வடிகட்டும் துணியும் ஒன்று என்பதும் இத்தளத்தின் வாசகர்கள் அறிந்தவையே. நீரிலுள்ள சிற்றுயிர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதற்காக அவர்கள் வடித்தனர். மத்லப்பின் தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதற்காக வடித்தனர். நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு, அவற்றோடு நாம் கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவு இரண்டுக்கும் பொது. நம் தெருக்குழாய்களின் வாயில் இன்றும் யாரோ ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவைக்கிறார்கள். ஓரடுக்குத் துணி கிருமிக்குப் போதாது என்பதை நாம் இப்போது அறிவோம். ஆனாலும் அதைக் கட்டிய கையை இனி அலட்சியமாகப் பார்க்க நம்மால் இயலவில்லை.